பழைய லெகோவை மொத்தமாக வாங்கி விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு, பழைய லெகோவை, அதாவது ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளாக் பொம்மைகளை, மூட்டையாக வாங்கி, பிரித்து, விற்று வருகிறேன். பாலக்காட்டிலிருந்தும் சரி, எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோவையிலிருந்தும் சரி, இந்தத் தொழிலைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களைக் கீழே எழுதியிருக்கிறேன். கிலோ விலை என்று நான் சொல்லும் எண்கள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. அன்றைய விலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் வாங்கிய மூட்டையை அப்படியே கைமாற்றி விடுபவருக்கு இல்லை, உட்கார்ந்து பிரிப்பவருக்குத்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

5 கிலோ கலப்பு மூட்டையை 5,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் 1 கிலோ வேறு கம்பெனி பிளாக், உடைந்த கார், பென்சில் துண்டு, தூசி. கையில் நிற்பது 4 கிலோ அசல் லெகோ. பெட்ரோல், சோப்பு, ஜிப் கவர் என்று இன்னொரு 500 ரூபாய் சேர்த்தால் அடக்கம் 5,500. அந்த 4 கிலோவைக் கிலோ 1,200 என்று யாரிடமாவது தள்ளிவிட்டால் 4,800 வரும். 700 ரூபாய் நஷ்டம்.

அதே மூட்டையைப் பிரிக்கிறீர்கள். 30 மினிஃபிகர், அதாவது அந்தச் சின்ன ஆள் பொம்மைகள், சராசரி 100 ரூபாய்க்குப் போனால் 3,000. குறையில்லாத ஒரு செட்டை, அதாவது ஒரே பெட்டியில் வந்த முழு மாடலை, மீட்டெடுத்து 2,000-க்கு விற்கிறீர்கள். மீதி 3 கிலோ, கிலோ 1,200 வீதம் 3,600. மொத்தம் 8,600. செலவு போக 3,100 மிச்சம். இதற்கு 20 மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மணிக்கு 155 ரூபாய் கூலி கிடைத்திருக்கிறது. இந்தக் கூலி உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் முதல் கேள்வி. வேலை பழகப் பழக அதே மூட்டைக்கு ஆகும் நேரம் குறையும். லாபம் கூடுவதும் அதனால்தான், விலையை ஏற்றுவதால் அல்ல.

பழைய பிளாஸ்டிக் பொம்மைக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

லெகோ 1932-ல் டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் தொடங்கிய கம்பெனி. இப்போது நாம் பார்க்கும் பூட்டிக்கொள்ளும் பிளாக்குக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அன்று முதல் இன்றுவரை பிளாக்கின் மேலே இருக்கும் குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர் தூரம், பிளாக்கின் உயரம் 9.6 மில்லிமீட்டர். மாறவே இல்லை. தாத்தா காலத்துப் பீஸும் போன மாதம் வாங்கிய பீஸும் ஒன்றோடொன்று பூட்டும். 1963-லிருந்து ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். நிழலில் வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் தாங்கும்.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. கடையில் புதுச் செட்டின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் பெற்றோர்தான் நம் வாடிக்கையாளர்கள். பிள்ளைக்கு நல்ல பொருள் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு நிறைய. கையில் இருக்கும் காசு அளவோடுதான்.

எல்லைப் பக்கத்தில் சரக்கு எங்கே கிடைக்கும்?

இந்த விஷயத்தில் நாம் இருக்கும் இடம் நல்ல இடம். மேற்கே ஒற்றப்பாலம், பட்டாம்பி, மண்ணார்க்காடு, அதைத் தாண்டி மலப்புறம், திருச்சூர் என்று வளைகுடா வீடுகள் ஏராளம். துபாயிலும் தோஹாவிலும் வளர்ந்த பிள்ளைகள் லெகோவோடு வளர்ந்தவர்கள். குடும்பம் ஊர் திரும்பும்போது பொம்மைகளும் அட்டைப்பெட்டியில் கூடவே வரும். பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பெட்டி பரண் ஏறிவிடும். கிழக்கே கோவையில் பீளமேடு, சரவணம்பட்டிப் பக்கம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஐ.டி. குடும்பங்கள். நடுவில் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக் குடியிருப்புகள். மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போது சாமானைக் குறைக்கத்தான் பார்க்கும்.

ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் இரண்டிலும் தேடுங்கள். "லெகோ" என்று மட்டும் போடாமல் "பிளாக்ஸ்", "கிட்ஸ் டாய்ஸ்", "டாய் லாட்" என்றும் தேடிப் பாருங்கள். பொருளின் பெயர் தெரியாதவர் போட்ட விளம்பரத்துக்குப் போட்டி குறைவு. குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அதைவிட நல்லவை. தெரிந்தவர் ஒருவர் மூலம் "பழைய லெகோ இருந்தால் எடுத்துக்கொள்கிறோம்" என்று மலையாளத்திலும் தமிழிலும் ஒரு வரி போட்டு வைத்தால் போதும்.

ஆக்ரிக் கடைக்காரர்களையும், அதாவது பழைய சாமான் எடைக்கு எடுப்பவர்களையும், விட்டுவிடாதீர்கள். அவர்களிடம் இது பிளாஸ்டிக் எடைக்கு வருகிறது. ஒரு பீஸைக் கையில் கொடுத்து, "சேட்டா, இந்த மாதிரி வந்தால் உடைக்காமல் எடுத்து வையுங்கள், பிளாஸ்டிக் விலைக்கு மேல் தருகிறேன்" என்று சொல்லி வையுங்கள். சொன்னபடி கொடுத்தால் அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

சரக்கு அதிகம் வரும் காலம் பள்ளி ஆண்டு முடிந்து வீட்டைச் சுத்தம் செய்யும் ஏப்ரல், மே. விலை நன்றாகக் கிடைப்பது ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸை ஒட்டி. நடுவில் இருக்கும் மாதங்கள் பிரிப்பதற்குச் சரியாக இருக்கும்.

வாங்கும் முன் மூட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?

ஏற்கனவே யாராவது பொறுக்கிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். ஆள் பொம்மை ஒன்றுகூட இல்லை, சக்கரம் இல்லை, மிருகம் இல்லை, அச்சுப் பதித்த பீஸ் இல்லை, வெறும் சிவப்பும் மஞ்சளுமாகச் சாதாரண பிளாக் மட்டும் என்றால் நல்லதெல்லாம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அப்போது சாதாரண பிளாக்கின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். படம் கேட்கும்போது குவியலின் படம் வேண்டாம். ஒரு பெட்ஷீட்டில் கொட்டிப் பரப்பி எடுத்த படம் கேளுங்கள். குவியலில் நல்லது மேலேதான் இருக்கும்.

விளக்கப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்பது முக்கியம். லெகோ தன் இணையதளத்தில் பெரும்பாலான செட்டுகளின் புத்தகத்தை இலவசமாகத் தருகிறது. அதனால் படித்துப் பார்க்க அது தேவைப்படாது. ஆனால் அட்டையில் இருக்கும் செட் எண், இந்த மூட்டைக்குள் என்னென்ன செட் கிடக்கிறது என்பதைச் சொல்லிவிடும். போனிலேயே அந்த எண்களை வாங்கிக்கொண்டால் கிளம்பும் முன்பே பாதிக் கணக்கு போட்டுவிடலாம்.

கையில் ஒரு தூக்குத் தராசு கொண்டு போங்கள். "ஏழெட்டு கிலோ இருக்கும்" என்று சொல்லப்படும் பெட்டி அட்டையோடும் பேட்டரிக் காரோடும் சேர்ந்துதான் அந்த எடையில் இருக்கும்.

அசலா, வேறு கம்பெனியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பீஸின் மேல் குமிழைப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு குமிழிலும் கம்பெனியின் பெயர் பொடி எழுத்தில் புடைத்து நிற்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பி, பீஸைச் சற்றுச் சாய்த்து, வெளிச்சம் குமிழின் விளிம்பில் வழுக்கும்படி பிடித்தால் எழுத்து பளிச்சென்று எழும். கறுப்புப் பீஸுக்குப் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். குமிழே இல்லாத வழவழப்பான பீஸாக இருந்தால் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அங்கே அச்சு எண்ணோ பெயரோ இருக்கும். 3001 என்றால் இரண்டுக்கு நான்கு பிளாக், 3003 இரண்டுக்கு இரண்டு, 3020 தட்டையான இரண்டுக்கு நான்கு. இந்த எண்கள் சில நாளில் தானாகவே மனதில் ஏறிவிடும்.

இரண்டாவது, பூட்டிப் பார்ப்பது. அசல் பீஸ் இரண்டைப் பூட்டினால் அழுத்தமாக உட்காரும், இழுத்தால் அளவான பிடியோடு விடும். மற்றவை ஒன்று கழன்று விழும், இல்லாவிட்டால் பிரிக்கவே வராது. வார்ப்பு ஓரங்களில் சிலும்பு விரலில் தட்டுப்படும்.

திருவிழாக் கடையில் வாங்கிய பிளாக், பிறந்தநாளுக்கு வந்த மலிவுச் செட் எல்லாம் ஒரே பெட்டிக்குள் சேர்ந்து கிடப்பது நம் வீடுகளில் சகஜம். அதில் தப்பில்லை, குழந்தை பிராண்டு பார்த்து விளையாடுவதில்லை. ஆனால் விற்கும் நாம் பார்த்தாக வேண்டும். சீனாவில் லெபின் என்ற பெயரில் லெகோ செட்டுகளை அப்படியே நகலெடுத்து விற்ற கும்பலை 2019-ல் ஷாங்காய் போலீஸ் பிடித்தது. அந்தச் சரக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. பார்வைக்கு அசல் செட் போலவே இருக்கும், குமிழில்தான் பெயர் இருக்காது. வேறு கம்பெனி பீஸை லெகோ என்று சொல்லி ஒருவருக்கு விற்பது ஏமாற்று வேலை. தெரியாமல் கலந்துவிட்டது என்று சொல்லும் நிலையும் வரக்கூடாது. சந்தேகமான பீஸ் அசல் பெட்டிக்குள் போகவே வேண்டாம்.

என்ன விலை கேட்பது? பேரம் எப்படி?

எடைக்கு ஒரு விலை, ஆள் பொம்மைக்குத் தனி எண்ணிக்கை விலை, வேறு கம்பெனி பீஸுக்கு விலை இல்லை. இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "சேச்சி, அசல் லெகோவைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். ஆள் பொம்மைக்குத் தனியாகத் தருகிறேன். மற்றது உங்களுக்கு வேண்டாம் என்றால் எடுத்துப் போகிறேன், அதற்குக் காசு கிடையாது." இப்படிப் பேசினால் பின்னால் மனஸ்தாபம் வராது.

விலைக்கு ஆதாரம் வேண்டுமென்றால், லெகோ வாங்கி விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்க் தளத்தைப் பாருங்கள். 2000-ல் தொடங்கியது, 2019-ல் லெகோ கம்பெனியே வாங்கிவிட்டது. ஒவ்வொரு பீஸும், ஒவ்வொரு பொம்மையும் கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று காட்டும். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், போன விலையைப் பாருங்கள். அதுவும் பெரும்பாலும் வெளிநாட்டு விலை. நம் ஊரில் அந்த அளவு வாங்க ஆள் இல்லாத பொருளும் உண்டு. கூடுதலாக விற்கும் பொருளும் உண்டு.

பெட்டியில் பெரிய விலை போகும் செட் ஒன்று கிடப்பது எனக்குத் தெரிந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன். எடை விலையில் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொழிலுக்கும் அதுதான் நல்லது. ஒரு வீட்டில் நேர்மையாக நடந்துகொண்டால் அந்தத் தெருவே நம்மைக் கூப்பிடும்.

பெற்றோர் விற்கிறார்கள், குழந்தை அழுகிறது. என்ன செய்வது?

வாங்காதீர்கள். குழந்தையே "எடுத்துக்கோங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கும் மேல், பெட்டியிலிருந்து பிடித்ததைக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி குறைவதால் நமக்கு ஒன்றும் ஆகாது.

கழுவுவது எப்படி?

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், கை. அவ்வளவுதான். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது லெகோவே சொல்லும் அளவு. வாஷிங் மெஷின் வேண்டாம், கொதிநீர் வேண்டவே வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ், மோட்டார், பேட்டரிப் பெட்டி, துணியில் செய்த பாய்மரம், பொம்மையின் மேலங்கி இவற்றை முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். மற்றதை வலைப்பையில் போட்டு, வாளியில் அலசுங்கள். கழுவும் முன் ஒரு சல்லடையில் சலித்தால் மணல், முடி, பிஸ்கட் தூள் எல்லாம் இறங்கிவிடும். வாளித் தண்ணீரும் சீக்கிரம் கலங்காது.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம் போர்த் தண்ணீர் உப்பு. கழுவிக் காய்ந்ததும் கறுப்பு, அடர்நீலப் பீஸ்களில் வெள்ளைத் திட்டு பூத்து நிற்கும். வாங்குபவர் அதைக் கீறல் என்று நினைப்பார். கடைசி அலசல் மட்டும் மழைத்தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ போடுங்கள். ஏற்கனவே திட்டு விழுந்திருந்தால் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து சிறிது நேரம் ஊற வைத்தால் போய்விடும்.

காய வைப்பது மின்விசிறிக் காற்றில், பருத்தித் துணி மேல். பாலக்காட்டு மார்ச் வெயிலில் மொட்டை மாடியில் பரப்பி வைக்காதீர்கள். வெள்ளையும் வெளிர்சாம்பலும் வெயிலில் மஞ்சளாகும்.

நிறம் பார்த்துப் பிரிப்பதா, வடிவம் பார்த்துப் பிரிப்பதா?

வடிவம் பார்த்து. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நிறம் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் கறுப்புக் குவியலில் ஒரு சின்னக் கறுப்புப் பீஸைத் தேடிப் பாருங்கள், கண் வலிக்கும். அதே சின்னப் பீஸ்களின் குவியலில் கறுப்பைத் தேடினால் ஒரு நொடி. நம் கண்ணுக்கு நிறத்தைப் பிடிப்பது சுலபம், வடிவத்தைப் பிடிப்பதுதான் சிரமம். சிரமமான வேலையைப் பெட்டி செய்யட்டும், சுலபமானதைக் கண் செய்யட்டும்.

நான் செய்யும் முறை இது. தரையில் வெள்ளைப் பெட்ஷீட் விரித்து மூட்டையில் பாதியைக் கொட்டுவேன். முதல் சுற்றில் ஆள் பொம்மையும் அதன் சாமான்களும் மட்டும். தலை, தொப்பி, முடி, வாள், கோப்பை, கேமரா என்று எல்லாம் ஒரு டப்பாவில். தலையும் உடலும் தனித்தனியே கிடக்கும், பொறுமையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மூட்டையின் லாபத்தில் பெரும்பங்கு பெரும்பாலும் இந்த டப்பாவில்தான் இருக்கும். இந்த ஆள் பொம்மைகள் 1978-ல் வந்தவை. 1999-ல் ஸ்டார் வார்ஸ் செட்டுகள் வந்த பிறகு இவற்றையே சேகரிக்கும் கூட்டம் பெருகிவிட்டது. உடலின் பக்கவாட்டில் கைக்குழிக்குக் கீழே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். இருந்தால் விலை பாதிக்கும் கீழே இறங்கும். அதை மறைக்காமல் சொல்லித்தான் விற்க வேண்டும்.

இரண்டாம் சுற்றில் பூட்டியே கிடக்கும் துண்டுகள். பாதி சிதைந்த வண்டி, விமானத்தின் வால், ஒரு சுவர். இவற்றைக் கழற்றிவிடாதீர்கள். எந்த செட் என்று கண்டுபிடிக்கக் கிடைக்கும் நல்ல துப்பு இது. மூன்றாம் சுற்றில் அச்சுப் பதித்த பீஸ், கண்ணாடி, சக்கரம், மிருகம், செடி. அதற்குப் பிறகுதான் பிளாக், தட்டை, சரிவு, டெக்னிக் என்று வடிவப் பிரிவு. டெக்னிக்கின் குச்சி, பற்சக்கரம், முளைகளைத் தனி டப்பாவில் போடுங்கள், மற்றதோடு கலந்தால் தலைவலி.

பெயர் தெரியாத பீஸை என்ன செய்வது? பிரிக்கக்னைஸ் என்ற தளத்தில் படம் எடுத்துப் போட்டால் எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண்ணை ரீபிரிக்கபிள் தளத்தில் போட்டால் அது எந்தெந்த செட்டில் வந்தது என்று தெரியும். ஒரே செட்டில் மட்டும் வந்த பீஸ் கையில் கிடைத்தால் அந்த செட்டின் மீதியும் இதே மூட்டையில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடும்போது வரும் சந்தோஷம் தனி. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

செட்டில் சில பீஸ் குறைகிறதே?

பத்துப் பீஸ் வரை குறைந்தால் உங்கள் பெட்டியிலேயே தேடுங்கள், இன்னும் பல மூட்டை வரும். வெளிநாட்டிலிருந்து நான்கு பீஸ் வரவழைத்தால் கூரியரும் வரியும் சேர்ந்து செட்டின் லாபத்தையே தின்றுவிடும். இந்தியாவுக்குள் இருக்கும் லெகோ ஆர்வலர்களிடம் பண்டமாற்றாகக் கேட்டுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கவனம் தேவை. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களைச் சற்று நீலம் கலந்ததாக மாற்றிவிட்டது. பழைய செட்டில் புதுச் சாம்பலைச் சேர்த்தால் சேகரிப்பவர் உடனே கண்டுபிடிப்பார். கிடைக்கவே இல்லையா? என்னென்ன குறைகிறது என்று எண்ணோடு எழுதி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள்.

மஞ்சளான, விரிசல் விட்ட பீஸ்கள்?

ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊற வைத்து வெயிலில் வைத்தால் மஞ்சள் போகும். கொஞ்ச காலம் கழித்துத் திரும்பவும் வரும். கைக்கும் கண்ணுக்கும் ஆபத்தான திரவம் அது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம் என்பேன். மஞ்சளானது என்று சொல்லியே விற்கலாம், பாலைவனக் கட்டடம் கட்டுகிறவர்கள் வாங்குகிறார்கள். 2000-களில் வந்த செம்பழுப்பு, கருஞ்சிவப்புப் பீஸ்கள் எளிதில் நொறுங்கும். அவற்றைப் பல்லால் கடித்தோ ஸ்க்ரூடிரைவரால் நெம்பியோ பிரிக்காதீர்கள். இதற்கென்றே லெகோ தரும் ஆரஞ்சு நிறப் பிரிப்பான் ஒன்று பல மூட்டைகளில் தானாகவே கிடைக்கும்.

மோட்டார், ரோபோ பாகங்கள் வந்தால்?

தனியாக எடுத்து வையுங்கள். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சை, வெள்ளைக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஓட்டியும் பாருங்கள். லெகோவின் ரோபோ வரிசையான மைண்ட்ஸ்டார்ம்ஸ் 1998-ல் வந்தது. அதில் ஈ.வி.3 என்ற மாடல் 2013-ல் வந்தது. 2022 முடிவோடு மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே லெகோ நிறுத்திவிட்டது. ரோபோ வகுப்பு நடத்துபவர்களும் கல்லூரி மாணவர்களும் இன்னும் தேடுகிறார்கள். வேலை செய்கிற நிலையில் கிடைத்தால் ஒரு மூட்டைக்குச் சமமான பணம் அதிலேயே வரும்.

டூப்ளோவை வாங்கலாமா?

தாராளமாக. சின்னக் குழந்தைகளுக்காக லெகோவே செய்யும் பெரிய பிளாக் அது, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சாதாரண லெகோவைப் போல இரண்டு மடங்கு. பிரிப்பது சுலபம், கழுவுவது சுலபம், பால்வாடி வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் உடனே போகும். சின்ன லெகோவை மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு என்று யாராவது கேட்டால் விற்காமல் டூப்ளோவைக் காட்டுங்கள். தொண்டையில் சிக்கும் பீஸ் சின்ன லெகோவில் நிறைய.

எங்கே, எப்படி விற்பது?

எடைக்கு வாங்க ஆசைப்படுபவர்கள் உள்ளூர்ப் பெற்றோர். ஆள் பொம்மையும் முழு செட்டும் இந்தியா முழுக்க இருக்கும் சேகரிப்பாளர்களுக்கு. அதனால் முதல் வகையை வாட்ஸ்அப்பிலும் நேரிலும், இரண்டாவதை ஃபேஸ்புக் குழுக்களிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பது நல்லது. கலப்பு மூட்டையாகப் போடும்போது அரைக் கிலோ, ஒரு கிலோ கவர்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் சில சக்கரம், ஒரு கதவு, ஒன்றிரண்டு ஆள் பொம்மை சேருங்கள். குழந்தை கவரைப் பிரித்த உடனே ஒரு வண்டியாவது கட்ட முடிய வேண்டும்.

விளம்பரத்தில் எடை, கழுவியது, அசல் மட்டுமே, கீறல் எந்த அளவு என்று நான்கையும் எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அனுப்பும்போது தபால் பார்சலையும் தனியார் கூரியரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தனியார் கூரியர்களில் பெட்டியின் பரிமாணத்தை வைத்தும் கட்டணம் போடுவார்கள், காற்றுக்குக் காசு கொடுக்காதபடி இறுக்கமாகக் கட்டுங்கள்.

பணம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. "ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே துண்டித்துவிடுங்கள். யு.பி.ஐ.யில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகிறது.

எல்லை தாண்டி விற்றால் ஜி.எஸ்.டி. பிரச்சினை வருமா?

நம் பக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது. வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சாவடிகளில் இருந்த விற்பனை வரிச் சோதனை 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு போய்விட்டது. அதனால் எல்லையே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். சட்டத்தில் எல்லை இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் பொருளை வியாபாரமாக விற்றால், தொகை எவ்வளவு சின்னதானாலும் பதிவு கட்டாயம். எல்லையின் கேரளப் பக்கம் இருக்கும் வேலந்தாவளத்திலிருந்து கொச்சிக்கு அனுப்புவது ஒரே மாநிலம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்கு அனுப்புவது வேறு மாநிலம். உங்கள் பிள்ளையின் பழைய பொம்மையை ஒருமுறை விற்பது வியாபாரத்தில் சேராது, தொடர்ந்து வாங்கி விற்பது சேரும்.

பதிவு செய்தாலும் பயப்பட வேண்டாம். பழைய பொருள் வியாபாரிக்கு ஜி.எஸ்.டி. விதி 32(5) ஒரு வழி தருகிறது. உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுக்காமல் இருந்தால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். கழுவுவது, பிரிப்பது போன்ற சிறு வேலை செய்ததால் இந்தச் சலுகை போகாது, பொருளின் தன்மை மாறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. இதற்கு வாங்கிய விலைக்குக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் தேதி, எடை, கொடுத்த தொகை, யாரிடம் என்று ஒரு நோட்டில் எழுதி, யு.பி.ஐ. ரசீதோடு வைத்திருங்கள். லாபம் வருமான வரிக் கணக்கிலும் வர வேண்டும். தொடங்கும் முன் ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

வளைகுடாவில் இருக்கும் மச்சானிடம் சொல்லி அங்கிருந்தே மூட்டையாக வரவழைக்கலாமா?

ஊர் திரும்பும் குடும்பம் தன் பிள்ளையின் பொம்மையைக் கொண்டுவருவது வேறு. விற்பனைக்காக வாங்கி லக்கேஜில் ஏற்றி அனுப்புவது வேறு. வியாபாரச் சரக்கு பயணிகளின் லக்கேஜ் சலுகைக்குள் வராது. மாட்டிக்கொள்பவர் மச்சானாகத்தான் இருப்பார். புதுப் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். நம்மைச் சுற்றியுள்ள வீடுகளின் பரணிலேயே வேண்டிய அளவு சரக்கு இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?

பிரிக்காத பெட்டியை வாங்கி வைத்தால் தங்கத்தைவிட ஏறுமாமே?

மாஸ்கோவில் உள்ள உயர் பொருளாதாரப் பள்ளியின் ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரை வந்த செட்டுகளின் விலையைப் பார்த்து, ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீதம் அளவுக்கு ஏறியதாக எழுதினார்கள். அது வெளிநாட்டுச் சந்தையில், முத்திரை உடையாத, உற்பத்தி நின்றுபோன செட்டுகளின் கணக்கு. செட்டுக்குச் செட் வித்தியாசமும் மிகப் பெரியது. 70 சதவீத வரி கட்டி வந்த பொருளை இங்கே வாங்கி அடுக்கி வைப்பவருக்கு அது பொருந்தாது. அது வேறு தொழில், எனக்கு அதில் ஈடுபாடும் இல்லை. பெட்டிக்குள் பூட்டி வைத்தால் யார் விளையாடுவது?

மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

பீஸுக்கு ஒன்றும் ஆகாது. அட்டைப்பெட்டி, ஸ்டிக்கர், புத்தகம் மூன்றும்தான் ஜூன் மாதத்தில் கெடும். புத்தகத்தை ஜிப் கவரில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு நாப்தலின் உருண்டை வேண்டாம். அந்த வாடை பிளாஸ்டிக்கில் ஏறினால் போகாது. பீஸ்களை முழுதாகக் காயாமல் மூடியிட்ட டப்பாவில் போட்டால் பாசி வாடை வரும். கழுவிய மறுநாளே அடைக்காமல் ஒன்றிரண்டு நாள் ஆற விடுங்கள்.

விற்காமல் நிற்கும் மீதியை என்ன செய்வது?

வேறு கம்பெனி பிளாக்கில் நல்லதாக, கூர் இல்லாததாக, பெரிய அளவில் இருப்பதைக் கழுவி, பக்கத்து அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்காமல் கொண்டுபோய் இறக்காதீர்கள், அவர்களுக்கும் இடம் வேண்டும். சின்னப் பீஸ்களைப் பள்ளி நூலகத்துக்கோ கைவினை ஆசிரியருக்கோ கொடுக்கலாம். உடைந்தது, மென்றது, கடித்தது எல்லாம் ஆக்ரிக் கடைக்கு. அசல் லெகோவில் யாருக்கும் வேண்டாத பீஸ் என்று எனக்கு எதுவும் பட்டதில்லை. ஒற்றைக் கதவு, ஜோடி இல்லாத சக்கரம், பெயர் தெரியாத முளை எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வாங்க வரும் வீட்டுப் பிள்ளைகள் அதில் கைவிட்டுத் தேடி, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை.